காரின் வாயை அடைப்பது எப்படி

திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன வயரிங் கடை என்னுடையது. கசெற் செற் பூட்டின காலத்திலிருந்து இதே தொழில்தான். முந்தி ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஹெட்லைற், ஹோர்ன் என்று வருவார்கள். இப்போது வருகிற பலருக்கு வாகனத்தில் ஒரு பழுதும் இருக்காது. “ஸ்கிரீன்ல என்னமோ வந்து வந்து நிக்குது, அத நிப்பாட்டித் தாங்க” என்பார்கள். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடுவதோடு நிற்காமல் பேசுகிறது, விளம்பரம் காட்டுகிறது, புதிதாக வந்தவற்றில் சில மாதக் காசும் கேட்கின்றன.

இதில் முக்கால்வாசி வேலை ஸ்குரூட்ரைவர் இல்லாமலே முடியும். அதற்கு என்னைத் தேடி வந்து கூலி தரத் தேவையில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு பிளேன்ரீ குடித்து முடிகிற நேரத்தில் செய்துவிடலாம்.

முதலில் தொல்லை எந்த வழியால் வருகிறது என்று பிடிக்க வேண்டும். போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து காரை ஸ்டார்ட் பண்ணுங்கள். ஹொட்ஸ்பொட் இல்லை, புளூடூத் இல்லை. அப்போதும் கார் பேசினால், காரோடு பூட்டி வந்த ஏதோ ஒரு பெட்டிதான் பேசுகிறது. போன் பக்கத்தில் வந்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது என்றால் நெட் உங்கள் போனிலிருந்து போகிறது, குற்றவாளி செற்றுக்குள், அதாவது டாஷ்போர்டில் இருக்கிற ஸ்கிரீன் பெட்டிக்குள், இருக்கிற ஒரு ஆப். போனும் இல்லை, வைஃபையும் இல்லை, ஆனாலும் ஸ்கிரீன் மூலையில் சிக்னல் கம்பி தெரிகிறது, புதுப்புது அறிவித்தல் வருகிறது என்றால் காருக்குள்ளேயே சிம் இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பார்க்காமல் “முழுக்க ரீசெற் அடிச்சு விடுவம்” என்று சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

ஜப்பான் அக்கா ஏன் ஏசுகிறா

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளி முழுக்க எங்கள் ஊர் பழைய அக்குவா, வாகன் ஆர், வெசல், பிரியஸ் என்ற ஜப்பான் கார்களைத்தான் பிடித்துக்கொண்டு ஓடியது. பல கார்களில் ஜப்பானில் பூட்டின செற் இன்னும் அப்படியே இருக்கிறது, ஜப்பானிய எழுத்தோடு.

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அக்குவாவில் வந்தார். “தம்பி, ஸ்டார்ட் பண்ணின உடனே ஒரு மனிசி என்னை ஏசுறா. எஞ்சின்ல ஏதும் பிழையோ?” என்று கேட்டார். ஏற்கனவே வேறொரு கராஜில் காட்டி, ஸ்கேனரும் போட்டுப் பார்த்து, காசும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த மனிசி சொல்வது இவ்வளவுதான்: ஈடிசி அட்டை போடப்படவில்லை. ஜப்பானின் நெடுஞ்சாலைகளில் நிற்காமலே கட்டணம் கட்டுவதற்கான முறை அது. அட்டை ஜப்பானில் முதல் சொந்தக்காரரோடு போய்விட்டது, பெட்டி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு ஒரு அதிவேகப் பாதையும் இல்லை, இருந்தாலும் ஜப்பான் அட்டை அங்கே வேலைக்கு ஆகாது. ஆனால் பெட்டி விசுவாசமாக ஒவ்வொரு நாளும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

அதைத் தேட வேண்டிய இடங்கள்: ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது முழங்கால் படுகிற பக்கம், டாஷ்போர்ட் பெட்டிக்குள், அல்லது சாரதி பக்க வெயில் மறைப்புக்குப் பின்னால். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி, அட்டை போகிற ஒரு கீறல், ஒன்றிரண்டு பட்டன். சத்தத்துக்கான பட்டன் இருந்தால் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள், சில பெட்டிகளில் முழுக்கவே குறைத்துவிடலாம். குறையாவிட்டால் பின்னால் போகிற பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பற்றரி வயர், சாவி வயர், எர்த், அவ்வளவுதான் அதற்குப் போகிற மின்சாரம். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை. வயரை வெட்ட மட்டும் வேண்டாம். கழற்றின பிளக்கில் இன்சுலேஷன் ரேப் சுற்றிக் கட்டி விடுங்கள். திறந்த முனை ஆடி ஆடி எங்காவது தகட்டில் முட்டினால் பியூஸ் போகும், அந்தப் பியூஸில் வேறு என்னென்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து போகும்.

அடுத்த தொல்லை செற்றே சொல்வது. இன்றைக்கு என்ன திகதி, ஜப்பானில் என்ன விடுமுறை என்று ஒரு வாழ்த்து. அதைவிட எரிச்சல், பராமரிப்பு அறிவித்தல். ஜப்பானில் காரை விற்ற இடம் ஒயில், டயர், பற்றரி, இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி போட்டு வைத்திருக்கும். அந்தத் திகதி எப்போதோ கடந்துவிட்டதால் ஒவ்வொரு முறையும் ‘எங்களிடம் வாருங்கள்’ என்று பெட்டி விழும். பார்த்தால் எச்சரிக்கை மாதிரி இருக்கும், உண்மையில் பழைய பாணி விளம்பரம்தான். போனில் கூகுள் லென்ஸைத் திறந்து ஸ்கிரீனுக்கு நேரே பிடியுங்கள். தமிழில் வருகிற மொழிபெயர்ப்பு சிரிப்பாக இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள், அது ஓரளவு விளங்கும். தகவல் என்ற பக்கத்துக்குள் பராமரிப்பு என்று ஒன்று இருக்கும். அங்கே தானாக அறிவிப்பதை அணைத்துவிட்டு, பழைய திகதிகளையும் அழித்துவிடுங்கள்.

இந்தச் செற்றுகளில் இரண்டு விஷயத்தில் கவனம். வரைபடம் இருக்கிற எஸ்டி கார்டை ‘ஜப்பான் வரைபடம் எனக்கு எதுக்கு’ என்று இழுத்து எடுக்காதீர்கள். பல டொயோட்டா செற்றுகள் அந்தக் கார்ட் இல்லாவிட்டால் எழும்பவே மாட்டா, பாட்டும் இல்லை, றிவர்ஸ் கமராவும் இல்லை. மற்றது பற்றரி. பற்றரியைக் கழற்றி மாற்றினால் செற் பூட்டிக்கொண்டு இரகசிய எண் கேட்கும். அந்த எண்ணுக்குத்தான் பிறகு ஆட்கள் காசு வாங்குகிறார்கள். மாற்றும்போது இன்னொரு 12 வோல்ட் பற்றரியை ஜம்பர் வயரால் தொடுத்து, மின்சாரம் விடுபடாமல் வைத்துக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள். பொசிற்றிவ் முனை தகட்டில் முட்டாமல் துணியோ ரப்பரோ சுற்ற வேண்டும். அக்குவாவில் அந்தச் சின்னப் பற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே, பழைய பிரியஸில் டிக்கிக்குள் இருக்கிறது. பொனற்றைத் திறந்து தேடிக்கொண்டு நிற்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

றேடியோ பற்றி ஒரு வரி. ஜப்பான் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது, பழைய செற்றுகள் 90 உடன் நின்றுவிடும். எங்கள் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. அன்ரனா வயரில் ஒரு சின்ன பாண்ட் கன்வேர்ட்டர் பூட்டினால் போதும், அதற்காகச் செற்றை மாற்ற வேண்டியதில்லை.

அன்ட்ரொயிட் செற்

ஜப்பான் செற்றோடு மல்லுக்கட்ட முடியாமல் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்பது, பத்து இஞ்சி அன்ட்ரொயிட் செற் பூட்டுகிறார்கள். பெரிய ஸ்கிரீன், தமிழ் எழுத்து, யூடியூப். உண்மையான விளம்பரத் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அது கார் செற் இல்லை, டாஷ்போர்டில் பூட்டின ஒரு மலிவு டேப். போனுக்கு வருகிற எல்லா நோயும் அதற்கும் வரும்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு வான் ஓடுகிற தம்பி ஒருவர். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோவிலுக்குப் போயிருக்கிறார். கோவில் இருக்கிற கோட்டைக்குள் றிவர்ஸ் எடுக்கிற நேரம், பின்னால் மான்கள் நிற்கின்றன, ஸ்கிரீனில் கமராவை மறைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பெட்டி: உங்கள் கருவியில் வைரஸ், உடனே சுத்தம் செய்யுங்கள். மூடுகிற குறி ஒரு கடுகளவு. அவர் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் வானை எடுத்திருக்கிறார். அதுதான் சரியான வேலை. ஸ்கிரீனில் எதைக் கண்டாலும் ஓடிக்கொண்டே அதைத் தட்டி மூடப் பார்க்காதீர்கள்.

அவருடைய செற்றில் நான் செய்ததைச் சொல்கிறேன். விளம்பரம் நிற்கிற நேரத்திலேயே, அண்மையில் திறந்த ஆப்களைக் காட்டுகிற சதுரப் பட்டனைத் தட்டினேன். எந்த ஆப்பின் பெயரில் அந்தப் பெட்டி நிற்கிறது என்று அங்கே தெரியும். மேலிருந்து இழுத்துப் பார்க்கிற அறிவித்தலாக வந்தால், அதை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலும் அனுப்பின ஆப்பின் பெயர் வரும். அவருடையதில் இருந்தது ‘வேகம் கூட்டித் தரும்’ என்று சொல்கிற ஒரு இலவசத் துப்புரவு ஆப். இந்த வகை ஆப் ஒன்றுகூட கார் செற்றுக்குத் தேவையில்லை. அழித்தேன்.

அதோடு விடக்கூடாது. செற்றிங்ஸில் ஆப்கள் என்ற பகுதிக்குள், விசேட அனுமதி என்ற இடத்துக்குள், ‘மற்ற ஆப்களுக்கு மேலே காட்டு’ என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆங்கிலத்தில் டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ். கமராவுக்கு மேல், மேப்புக்கு மேல் பாய்ந்து விழுகிற விளம்பரம் எல்லாம் இந்த அனுமதியை வைத்துத்தான் விழுகிறது. நீங்கள் போட்ட ஆப் ஒவ்வொன்றையும் அங்கே அணையுங்கள். செற்றோடு வந்த கமரா, வொலியூம், ஸ்டீயரிங் பட்டன் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தொடாதீர்கள், அவற்றுக்கு அந்த அனுமதி உண்மையிலேயே தேவை. அதே இடத்தில் ‘அறியாத ஆப்களை நிறுவு’ என்பதையும் எல்லாவற்றுக்கும் அணைத்துவிடுங்கள். நண்பர் பென்டிரைவில் கொண்டுவந்து போடுகிற ‘விளம்பரமில்லா’ ஆப்களால்தான் பாதி விளம்பரம் வருகிறது, இது என் அனுபவம்.

பிறகு குரோம். எப்போதோ படம் பார்க்கப் போன ஒரு தளம் ‘அறிவித்தல் அனுப்பட்டுமா’ என்று கேட்டிருக்கும், பிள்ளைகள் ஆம் என்று தட்டியிருப்பார்கள். குரோமின் செற்றிங்ஸில் அறிவித்தல்கள் என்ற இடத்தில் போய் அந்தத் தளங்களை எல்லாம் தடை செய்யுங்கள். இல்லாவிட்டால் செற்றில் குரோமையே முடக்கி விடுங்கள். ஓடுகிற காரில் இணையம் மேய்வதற்கு என்ன இருக்கிறது?

இன்னொரு வழி டிஎன்எஸ். ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால், அது இணையத்தில் எங்கே இருக்கிறது என்று வழி சொல்கிற சேவை அது. நெட்வேர்க் பகுதியில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருந்தால், அதில் அட்கார்ட் நிறுவனத்தின் இலவச முகவரியைப் போடலாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் டிஎன்எஸ், புள்ளி, அட்கார்ட், சின்னக் கோடு, டிஎன்எஸ், புள்ளி, கொம் என்று இடைவெளி விடாமல் அடியுங்கள். விளம்பரச் சேவையகங்களின் பெயரைக் கேட்டால் அது வழி சொல்லாது, விளம்பரம் வந்து சேராது. யூடியூப் விளம்பரத்தை இது நிறுத்தாது, ஏனென்றால் அந்த விளம்பரமும் வீடியோ வருகிற அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இந்த வசதி 2018இல் அன்ட்ரொயிட் 9உடன் வந்தது. உங்கள் செற் ‘அன்ட்ரொயிட் 13’ என்று சொல்லிக்கொண்டு, இந்தப் பக்கமே இல்லாமல் இருந்தால், பெட்டியில் அடித்த எண்ணை நம்ப வேண்டாம். மலிவு செற்றுகளில் பதிப்பு எண்ணும் ரேமும் பொய்யாக அடிப்பது சர்வசாதாரணம். போனில் ஏற்கனவே டிஎன்எஸ் போட்டிருக்கிறேன் என்று சொல்கிறவர்களுக்கு: அது போனுக்கு. ஹொட்ஸ்பொட்டில் ஏறுகிற செற்றில் தனியாகப் போட வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி இதெல்லாவற்றையும் விடச் சுலபமானது. செற்றுக்கு நெட்டே கொடுக்காதீர்கள். வைஃபை பகுதியில் உங்கள் ஹொட்ஸ்பொட்டை ‘மற’ என்று தட்டிவிடுங்கள். மேப்புக்கும் அழைப்புக்கும் பாட்டுக்கும் போனை கார்பிளே அல்லது அன்ட்ரொயிட் ஓட்டோ வழியாகத் தொடுத்துவிட்டால், செற் வெறும் கண்ணாடி, மூளை உங்கள் போன். டேட்டாவும் மிச்சம். சில மலிவு செற்றில் கார்பிளேக்கான ஆப் ‘அக்டிவேட் பண்ணு’ என்று காசு கேட்கும், உரிமம் இல்லாமல் போட்ட பிரதி அது. செற் வாங்கும்போதே உங்கள் போனைக் கடையில் வைத்துத் தொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். “வீட்ட போய் அப்டேட் பண்ணுங்க, வரும்” என்றால் மறு கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

மேப்புக்கும் நெட் தேவையென்று நினைக்கிறார்கள், தேவையில்லை. கூகுள் மேப்பில் உங்கள் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். வீட்டு வைஃபையில் இருக்கும்போது, வடக்கே புல்மோட்டை, மேற்கே ஹபரணை, தெற்கே மூதூர் தாண்டி ஒரு சதுரம் பிடித்து இறக்குங்கள். அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும், அதை மட்டும் கவனியுங்கள். விளம்பரமே வேண்டாம் என்றால் ஓகானிக் மேப்ஸ் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, முழுக்க நெட் இல்லாமல் ஓடுவது. கடை, ஹோட்டல் பெயர் தேடுவதில் கூகுள் அளவுக்கு வராது, ஆனால் வழி காட்டும். பாட்டுக்குப் பென்டிரைவ். எஃப்ஏடி 32 என்ற முறையில் ஃபோமற் பண்ணி எம்பி3 போட்டால் எந்தப் பழைய செற்றும் வாசிக்கும். எங்கள் கடற்கரை உப்புக் காற்றுக்கு யூஎஸ்பி ஓட்டை பச்சை பிடிக்கும். தொடுப்பு விட்டு விட்டு வந்தால் செற்றைக் குற்றம் சொல்லுமுன், கார் அணைந்திருக்கும்போது கொன்டாக்ற் கிளீனர் ஒரு சொட்டு அடித்துப் பாருங்கள்.

காருக்குள் சிம்மும் மாதக் காசும்

இது எங்கள் ஊருக்குப் புதிது. கிண்ணியாவிலிருந்து ஒரு நானா புது மின்சாரக் காரில் வந்தார். பாலத்தால் வந்துகொண்டிருக்கும்போதே, இலவசக் காலம் முடிகிறது, தொடர்வதற்குக் கட்டணம் என்று ஸ்கிரீனில் வந்திருக்கிறது. “கார் நின்டுருமாடா தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். நிற்காது. நிற்கப் போவது போனிலிருந்து ஏசி போடுவது, கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, நேரலை மேப் இந்த மாதிரியானவை. அவருக்கு வேண்டியிருந்தது சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கார் குளிர்ந்திருப்பது மட்டும். காரின் மெனுவிலேயே ஏசிக்கு நேரம் வைக்கிற வசதி இருந்தது. அதை வைத்துக் கொடுத்தேன், அவர் காசு கட்டவில்லை.

பயம் சும்மா வருவதில்லை. வெளிநாட்டில் நடப்பதைப் பாருங்கள். 2022இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் ஆசனத்தைச் சூடாக்குவதற்கு மாதக் கட்டணம் வைத்தது, மாதம் ஏறக்குறைய 18 டொலர். சூடாக்கும் கம்பி ஆசனத்துக்குள் ஏற்கனவே இருக்கிறது. வீட்டை விற்றவன் கிணற்றுக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டு, தண்ணீர் அள்ள மாதக் காசு கேட்பது போல. ஆட்கள் திட்டின திட்டில் 2023 செப்டெம்பரில் அதைக் கைவிட்டார்கள். (திருகோணமலையில் ஆவணி வெயிலுக்கு வெளியே நிறுத்தின காரின் ஆசனம் இலவசமாகவே சூடாகும், அதை யாரும் இன்னும் விற்கவில்லை.) அதே 2022இல் மெர்சிடிஸ் அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்கள் சற்று வேகமாகக் கிளம்புவதற்கு வருடம் 1,200 டொலர் என்றது. 2025இல் வோக்ஸ்வாகன் பிரித்தானியாவில் ஐடி 3 காரின் முழு வலுவைத் திறக்க மாதம் 16.50 பவுண் கேட்டது. அதே வருடம் பெப்ரவரியில் அமெரிக்காவில் சில ஜீப் சாரதிகளுக்கு, கார் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நீட்டித்த உத்தரவாதம் வாங்கச் சொல்லி ஸ்கிரீன் முழுக்க விளம்பரம் விழுந்தது. மென்பொருள் கோளாறு என்று கம்பனி சொன்னது. வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் வந்ததுதான் கோளாறாம், விளம்பரம் போட்டது கோளாறு இல்லையாம்.

எல்லா மாதக் கட்டணமும் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். நேரலைப் போக்குவரத்து, வீடியோ, சிம் டேட்டா இவற்றுக்கு அவர்களுக்கும் மாதம் மாதம் செலவு இருக்கிறது, கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேண்டியவர் கட்டட்டும். ஆனால் கம்பியும் மோட்டரும் என் காருக்குள் இருக்க, அதன் பாரத்தையும் சுமந்து என் செலவில் கார் ஓட, அதைத் திறக்க மட்டும் காசு என்றால் அது வேறு கதை. கட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: காசு போகிற பொருள் காருக்குள் இருக்கிறதா, வெளியில் எங்கோ இருக்கிற கணினியில் இருக்கிறதா?

வெளியில் இருந்தால் அதற்கும் ஒரு ஆபத்து. பழைய நிசான் லீஃப் எங்கள் நாட்டிலும் நிறைய ஓடுகிறது. பிரித்தானியாவில் 2016 வரையான லீஃப்களுக்கான போன் ஆப்பை நிசான் 2024 ஏப்ரலில் மூடிவிட்டது. 2ஜி சேவை போகப் போகிறது என்பது காரணம். கார் நல்லாயிருக்கிறது, போனிலிருந்து சார்ஜ் பார்க்கிற வசதி போய்விட்டது. காருக்குள் நேரம் வைக்கிற வசதி மட்டும் மிஞ்சியது. ஆகவே புதுக் கார் பார்க்கப் போகும்போது விற்பனையாளரின் டேபிளில் இருந்து பேசாமல், காருக்குள் ஏறி உட்கார்ந்து, “இந்த சிம்மை இப்ப நிப்பாட்டினா எது எது வேலை செய்யாது, ஒவ்வொண்டா காட்டுங்க” என்று கேளுங்கள். இலவசக் காலம் எப்போது முடிகிறது, பிறகு எவ்வளவு, அந்தச் சேவை இலங்கையில் உண்மையாகவே இருக்கிறதா, காரை விற்றால் வாங்குகிறவருக்கு மாறுமா என்பதை விலைப்பட்டியலின் பின்பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வருகிற ரீகண்டிஷன் கார் என்றால் ‘கனெக்டட்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிற எதற்கும் ஒரு சதம் கூடக் கொடுக்காதீர்கள், அந்தச் சேவை ஜப்பானுக்கானது.

முதல் நாள் காரை எடுத்தவுடன் ஸ்கிரீன் வரிசையாக ஒப்புதல் கேட்கும். பூசை போட, தேசிக்காய் நசுக்க எல்லோரும் அவசரப்படுகிற நேரம் அது, அதனால் எல்லாவற்றுக்கும் ஓகே தட்டிவிடுவார்கள். அப்படித் தட்டாமல் தள்ளி வையுங்கள். இரவில் வீட்டு முற்றத்தில் இருந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஓட்டுகிற விதத்தைச் சேகரிப்பது, சலுகை அறிவித்தல் அனுப்புவது, மூன்றாம் தரப்போடு பகிர்வது இந்த மூன்றும் வேண்டாம் என்றாலும் கார் ஓடும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ், சாரதிகள் எப்படிப் பிரேக் பிடிக்கிறார்கள், எவ்வளவு வேகம் போகிறார்கள் என்ற விபரத்தைத் தகவல் வியாபாரிகளுக்குக் கொடுத்தது 2024இல் வெளியே வந்தது. அது காப்புறுதிக் கம்பனிகள் வரைக்கும் போயிருந்தது. மொஸில்லா நிறுவனம் 2023இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமை விதிகளைப் பார்த்து, ஒன்றைக்கூடப் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

புளூடூத்தில் போனைத் தொடுக்கும்போது தொடர்பு எண்களையும் செய்திகளையும் எடுக்கட்டுமா என்று கேட்கும். இல்லை என்றாலும் அழைப்பு பேசலாம், பாட்டும் கேட்கலாம். வாடகைக்கு எடுத்த காரில் இதைக் கட்டாயம் இல்லை என்றே போடுங்கள். அடுத்து அந்தக் காரை எடுக்கிறவர் உங்கள் மாமியாரின் நம்பரை வாசிக்கத் தேவையில்லை.

கை வைக்கக்கூடாத இடங்கள்

சிம் பெட்டியின் பியூஸைப் பிடுங்கிவிடுங்கள் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். நான் சுலபத்தில் செய்து கொடுப்பதில்லை. சில கார்களில் அதே பெட்டியில் மைக்கும் தொடுத்திருக்கும், அழைப்பில் உங்கள் குரல் போகாது. அவசர அழைப்பு வசதியும் அதோடு போகும். மெனுவில் டேட்டாவை அணைக்கிற வழி இருந்தால் அதுவே போதும். உத்தரவாதம் இருக்கிற காரில் பியூஸ் கழற்றினதைக் கம்பனி கண்டால் வேறு வழக்கு. பணம் கட்டாமல் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று மடிக்கணினியோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உத்தரவாதம் முடிந்த பழைய காரின் செற்றில் அவர் என்னவும் செய்யட்டும், அது உங்கள் விருப்பம். பிரேக், ஸ்டீயரிங், எயார்பேக், மின்சாரக் காரின் பெரிய பற்றரி இவற்றோடு பேசுகிற எந்தக் கணினியிலும் அவருடைய வயரைக் குத்த விடாதீர்கள். பாதுகாப்புக்கான அப்டேட்டையும் விளம்பரத்துக்குப் பயந்து மறிக்காதீர்கள். வீட்டு வைஃபையில், கார் நிறுத்தியிருக்கும்போது அதைப் போடுங்கள்.

ஜப்பானுக்கென்று செய்த காரின் கூரையில் இருக்கிற எஸ்ஓஎஸ் பட்டனை நம்பிப் பயணம் போக வேண்டாம், அது அழைக்கிற நிலையம் ஜப்பானில். இங்கே இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இரண்டையும் போனில் முதல் பக்கத்தில் வையுங்கள். இரவில் ஹபரணைப் பக்கம் யானை மறித்தால் எந்த மாதக் கட்டணமும் கைகொடுக்காது, லைற்றைக் குறைத்துக்கொண்டு பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

காரை விற்கிற நாளில் இன்னொரு வேலை. செற்றை பெக்டரி ரீசெற் பண்ணுங்கள், போன் பட்டியல், வீட்டு விலாசம் எல்லாம் அழியும். ஆனால் கம்பனியின் ஆப்பில் உங்கள் பெயரில் இருக்கிற கார் அதனால் அழியாது. போனிலிருந்து தனியாக நீக்க வேண்டும். நீக்காவிட்டால் விற்ற காரும் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வாங்குகிறவர் என்றால் இதையே திருப்பிப் போடுங்கள்: காசு எண்ணிக் கொடுக்குமுன், முந்தின சொந்தக்காரர் தன் போனில் காரை நீக்குவதைக் கண்ணால் பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு போனில் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஜப்பான் செற் உள்ள கார் என்றால் ரீசெற் அடிக்காமல், போன் பட்டியலையும் விலாசங்களையும் மட்டும் கையால் அழியுங்கள். வரைபட எஸ்டி கார்டை அதன் இடத்திலேயே விட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாங்கினவர் இரவு சாப்பாட்டு நேரத்துக்கு உங்களுக்குத்தான் போன் எடுப்பார்.